கல்யாணம் ஆனவங்க, ஆகாதவங்க, நடுவுல நிக்கிறவங்க

அஞ்சாம் வகுப்பு ஸ்கொலர்ஷிப்புக்கு படிக்கிற புள்ளைங்க கிட்ட கேட்டுப் பாருங்க, எதிர்ப்பாற்சொல் வேற, எதிர்க்கருத்துச்சொல் வேறன்னு டக்குனு சொல்லுங்க. கணவன் மனைவி எதிர்ப்பால், இரவு பகல் எதிர்க்கருத்து. அதே புள்ளை கிட்ட "விதவை"க்கு எதிர்க்கருத்து என்னன்னு கேட்டா முழிக்கும், சொல்லிக் குடுக்கிற மிஸ்ஸும் கொஞ்சம் யோசிப்பாங்க. தபுதாரன், அதாவது பொண்டாட்டி செத்தவன்னு சொன்னா அது எதிர்ப்பால்தானே. சுமங்கலின்னு சொல்லலாம், ஆனா அப்போ கல்யாணமே ஆகாத குமரு எந்தப் பக்கம்? டிவோர்ஸ் ஆனவ விதவைக்கு எதிரா, இல்ல பக்கத்துல நிக்கிறவளா?

இந்தச் சொல்லுங்களுக்கு ஒண்ணுக்கு ஒண்ணுன்னு நேரா எதிர்ச்சொல் கெடையாது, யாரு கேக்குறாங்கங்கறத பொறுத்து அது மாறும். கிராம சேவகர் ஜீஎஸ் கேட்டா ஒரு எதிர்ச்சொல், கோயில் கமிட்டி கேட்டா இன்னொண்ணு, பென்ஷன் ஒபிஸ்ல கேட்டா வேற, தோட்டத்து வரிசை வீடான லயத்துல பக்கத்து காம்பரா அம்மாயி கேட்டா அதுக்கு டிக்‌ஷனரியே தனி. இலங்கை மலையகத் தோட்டங்கள்ல இருக்கிற நமக்கு இது ஏதோ பாடப்புத்தக விசயம் இல்ல, இந்தச் சொல்லுங்கள வச்சிதான் ஒரு காலத்துல இந்த நாட்டுல இருக்கலாமா போகணுமாங்கறதையே கணக்குப் பாத்தாங்க, அதுக்கு பொறவு வர்றேன்.

மொதல்ல ரொம்ப சாதாரணமான கேள்வி. "கல்யாணம் ஆச்சா?" "ஆகல." இந்த "ஆகல"ங்கற சொல்லுக்குள்ள ஒரு "இன்னும்" ஒளிஞ்சி கெடக்கு. விடியல, மழை வரலன்னு சொல்ற மாதிரி, வந்தே தீரும், நேரந்தான் ஆகலன்னு அர்த்தம். அதனாலதான் அம்பது வயசு மனுசன் "ஆகல"ன்னா கேட்டவங்க மூஞ்சியில ஒரு பாவம் பாக்குற கள வரும், அதே மனுசன் "பண்ணிக்கல"ன்னு சொன்னா பாவம் போயிரும், சந்தேகம் வந்துரும். என்ன கோளாறோ, எங்கயாவது ஒண்ணு வச்சிருக்கானோன்னு. நாம பேசுற தமிழ்ல கல்யாணம் தானா ஆகுற ஒரு விசயம், வேணாம்னு இருக்கிறவங்களுக்கு சண்டை பிடிக்காத ஒரு வினைச்சொல் இன்னமும் கெடைக்கல.

பொண்ணுக்கும் பையனுக்கும் வினையும் வேற. மகள "கட்டிக் குடுத்தாச்சு", மகனுக்கு "கட்டி வச்சாச்சு". சம்பந்தம் பேசுறப்போ "பொண்ணு எடுத்த எடம்", "பொண்ணு குடுத்த எடம்". எனக்கு கேட்டா கல்யாணப் பேச்சுல இருக்கிற சுத்தமான எதிர்ச்சொல் ஜோடி இந்த எடுக்கிறதும் குடுக்கிறதுந்தான், மத்ததெல்லாம் இழுபறி. நம்ம போர்ம்ல இருக்கிற "விவாகம்"ங்கற வடமொழிச் சொல்லே அடியில பாத்தா பொண்ண கொண்டுக்கிட்டு போறதத்தான் சொல்லுது.

யாரு யாரு வீட்டுக்கு போறாங்கங்கறத நாம பேச்சுல வைக்கிறோம், பக்கத்து ஊர் சிங்கள சனம் சட்டத்துலயே வச்சிருக்கு. கண்டிய விவாக விவாகரத்துச் சட்டம், 1952 ஆம் ஆண்டு 44 ஆம் இலக்கம், அதுல கல்யாணம் ரெண்டு வகை. பொண்ணு மாப்பிள்ளை வீட்டுக்கு போனா "தீக", மாப்பிள்ளை பொண்ணு வீட்டுக்கு வந்தா "பின்ன". பதியிறப்போ எந்த வகைன்னு எழுதணும், அந்தக் காலத்து கண்டிச் சட்டத்துல பொண்ணுக்கு அப்பன் சொத்துல பங்கு வருமா இல்லையாங்கறது அந்த ஒரு சொல்லுல நின்னிச்சி. நம்ம ஆளுங்கள்ல இதுக்கு ஈடு "வீட்டோட மாப்பிள்ளை", அத நாம பாதி கேலியாத்தான் சொல்றோம். தோட்டத்துல சொத்துன்னு பங்கு போட என்ன இருந்திச்சி, வேலை செய்றவங்க பேரு பதியிற செக்ரோல்ல யாரு பேரு எந்தத் தோட்டத்துல விழுதுங்கறதுதான் கணக்கு. கண்டியச் சட்டம் கண்டிச் சிங்களவங்களுக்கு மட்டுந்தான், கண்டி டவுன்லயே பொறந்து வளந்தாலும் தமிழ் ஆளு அதுல பதிய முடியாது.

ஆம்பளை பக்கம் பாத்தா சொல்லுங்க ஒரு சங்கிலி மாதிரி போகுது, திரும்பி வராது. பிரம்மச்சாரிக்கு எதிர் சம்சாரி. சம்சாரிக்கு எதிர் என்னன்னு கேட்டா யாரும் பிரம்மச்சாரின்னு சொல்றதில்ல, சந்நியாசின்னுதான் வாயில வரும். ஒண்டிக்கட்டைன்னா கல்யாணம் ஆகாதவனும் இருக்கலாம், பொண்டாட்டிய விட்டவனும் இருக்கலாம், செத்துப் போனவளுக்கு அப்புறம் தனியா கஞ்சி காய்ச்சிக் குடிக்கிறவனும் இருக்கலாம், எல்லாரையும் ஒரே சொல்லுல அடைச்சிரலாம். பொம்பளைக்கு அப்படி ஒரு பொதுச் சொல் இல்ல. கன்னி, குமரு, முதிர்கன்னி, வாழாவெட்டி, அறுதலி, கைம்பெண், விதவை, அமங்கலின்னு ஒவ்வொரு படிக்கும் தனித்தனியா பேரு. முதிர்கன்னிக்கு ஜோடியா இப்ப பேஸ்புக்ல "முதிர்கண்ணன்"னு ஒண்ணு கண்டுபிடிச்சி வச்சிருக்காங்க, சிரிக்கத்தான் ஆகுது, ஆனா வேணும்னுதான் சொல்லுவேன்.

திரு, திருமதி, செல்வியிலயும் இதே கதை. செல்விக்கு எதிர் திருமதி. திருவுக்கு? ஒண்ணும் இல்ல, கட்டினாலும் திரு, கட்டாட்டியும் திரு. செல்வன்னு ஒண்ணு இருக்கு, அது பரிசளிப்பு விழாவுல சின்னப் பையனுக்கும், கல்யாண பத்திரிகையில "திருநிறைச்செல்வன்"னு ஒரே ஒரு தடவை மாப்பிள்ளைக்கும். ஸ்கூல்ல மட்டும் இந்தப் பிரச்சினைய நம்ம புள்ளைங்க அழகா தீத்து வச்சிருச்சிங்க, பேரன் பேத்தி எடுத்த டீச்சரும் "மிஸ்"தான்.

இப்ப விசயத்துக்கு வருவோம், நம்ம பக்கத்துல கல்யாணம் ஆனவங்க யாருங்கறதுக்கே ரெண்டு அளவுகோல் இருக்கு. ஒண்ணு தாலி, ஒண்ணு கையெழுத்து. ரெண்டும் ஒரே நாள்ல நடந்தா பிரச்சினை இல்ல. ஆனா எத்தனை வீட்டுல அப்படி நடக்குது?

தாலி இருக்கு, கையெழுத்து இல்ல: இது பழைய ஆளுங்க கதை. தோட்டத்து கோயில்ல, கமிட்டி தலைவர் முன்னுக்கு, சொந்தபந்தம் நூறு பேரு பாக்க தாலி கட்டி, பத்துக்கு பன்னெண்டு காம்பராவுல நாலஞ்சு புள்ளை பெத்து, பேரப்புள்ளையும் பாத்தாச்சு, பதிவு மட்டும் பண்ணல. பண்ணணும்னு யாருக்கும் தோணவும் இல்ல, ரெஜிஸ்ட்ரார் ஒபிஸுக்கு போறதுன்னா ஒரு நாள் பேரு, அதாவது ஒரு நாள் சம்பளம், போயிரும். நமக்கு பொருந்துறது 1907 ஆம் ஆண்டு 19 ஆம் இலக்க விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டம். பதியாத கல்யாணம் கல்யாணமே இல்லன்னு அது சொல்லல, வழமைப்படி சடங்கு செஞ்சி கட்டினதையும் கோர்ட் ஏத்துக்கும். ஆனா பதிவுதான் கல்யாணத்துக்கு மிகச் சிறந்த சாட்சின்னு சட்டம் சொல்லுது, அது இல்லாதவங்க சடங்கு நடந்ததையும் புருசன் பொண்டாட்டியா ஊரு பாக்க வாழ்ந்ததையும் சாட்சி வச்சி காட்டணும். உசுரோட இருக்கிற வரைக்கும் அது ஒரு பிரச்சினையே இல்ல. அந்த மனுசன் செத்து, ஊழியர் சேமலாப நிதி, அந்த ஈபிஎஃப் காசு எடுக்க மனைவின்னு ஒரு பேப்பர் கேக்குறப்போதான் முப்பது வருசம் கட்டிக்கிட்டு வாழ்ந்தவ கவுண்டருக்கு முன்னுக்கு கல்யாணம் ஆகாதவளா நிப்பா. தாலிக்கொடிய காட்டவா முடியும்.

அந்தக் காலத்து பிறப்புச் சான்றிதழ எடுத்துப் பாருங்க, பெற்றார் விவாகஞ் செய்தவர்களான்னு ஒரு கேள்வி இருக்கும். "இல்லை"ன்னு எழுதியிருக்கிற புள்ளைங்க நம்ம பக்கத்துல எத்தனையோ, அவங்க அம்மா அப்பா ஊரறிய தாலி கட்டினவங்க. ஸ்கூல்ல சேக்கிறப்போ, வேலைக்கு போறப்போ, அந்தப் பேப்பர நீட்டுறப்போ எல்லாம் அந்த ஒரு சொல்லு கூடவே வரும். "விவாகம்"ங்கற சொல்லுக்கு லயத்துல இருந்த அர்த்தமும் ரெஜிஸ்ட்ரார் பேனாவுல இருந்த அர்த்தமும் வேறங்கறது அந்தப் புள்ளைக்கு எப்படி தெரியும்.

குடிசன மதிப்பீட்டுக்காரங்க மட்டும் இத ஒழுங்கா புரிஞ்சி வச்சிருக்காங்க. அவங்க கணக்குல விவாகமானவங்கங்கறதே ரெண்டு பகுதி, பதிவு செஞ்சவங்க தனி, வழமைப்படி கட்டினவங்க தனி. அதே மாதிரி பிரிஞ்சவங்களையும் சட்டப்படி பிரிஞ்சவங்க, சட்டம் இல்லாம பிரிஞ்சவங்கன்னு பிரிக்கிறாங்க. ஒரு அரசாங்க பேப்பர்ல நம்ம சனத்தோட வாழ்க்கை சரியா விழுந்த எடம் அதுன்னு தோணும் எனக்கு.

மற்றது தலைகீழ், கையெழுத்து இருக்கு, தாலி இல்ல. இது இப்ப உள்ள புள்ளைங்க. பையன் வெளிநாடு போகணும் விசாவுக்கு பேப்பர் வேணும், இல்லாட்டி ரெண்டு பேரும் டீச்சர்மார் ட்ரான்ஸ்பருக்கு வேணும், இல்லாட்டி மொதல்ல பதிஞ்சி வச்சிக்குவோம் தாலிய தை மாசம் பாத்துக்குவோம்னு. பதிவு முடிஞ்ச நிமிசத்துல இருந்து சட்டத்துக்கு முன்னுக்கு அவங்க முழுசா புருசன் பொண்டாட்டி. ஆனா பொண்ணு அம்மா வீட்டுலயே இருக்கும், சுத்தி இருக்கிறவங்க "இன்னும் கல்யாணம் ஆகல, எழுத்துதான் முடிஞ்சிருக்கு"ன்னு சொல்லுவாங்க. நல்லபடியா தாலி ஏறிட்டா சரி. நடுவுல கசந்து போச்சுன்னா? நிச்சயத்த முறிக்கிற மாதிரி தட்ட திருப்பிக் குடுத்துட்டு போக முடியாது, மாவட்ட நீதிமன்றத்துல டிவோர்ஸ் கேஸ் போடணும். ஒரு நாள் கூட சேந்து வாழாத பொண்ணுக்கு பேப்பர்ல "விவாகரத்துப் பெற்றவர்". அம்மாயி கணக்குல அவ இன்னும் குமரு, போர்ம் கணக்குல அவ அந்தக் கட்டத்த தாண்டி ரெண்டு படி போயிட்டா. மணமகள் தேவை விளம்பரத்துல "பதிவுத் திருமணம் மட்டும் செய்து விவாகரத்துப் பெற்றவர்"னு நீட்டி எழுதுறது இதனாலதான், கட்டணம் கூடினாலும் பரவால்லன்னு அந்த "மட்டும்"ங்கற சொல்ல போட்டே தீருவாங்க.

டிவோர்ஸ்னு சொன்னாலே அது ஒரே நெலைன்னு நெனைக்கிறோம். நம்ம பொதுச் சட்டத்துல இணக்கமா பிரிஞ்சி போறதுக்கு வழி இல்ல. ஒருத்தர் மேல குத்தம் காட்டணும், பிறர்மனை உறவு, கெட்ட நோக்கத்தோட கைவிட்டுப் போனது, இல்லன்னா கல்யாண நேரத்துலயே இருந்த தீராத ஆண்மைக் குறை, இவ்வளவுந்தான். கண்டியச் சட்டத்துல ரெண்டு பேரும் சம்மதிச்சா போதும், மாவட்டப் பதிவாளர் மட்டத்துலயே முடிஞ்சிரும், கோர்ட் வாசல் மிதிக்க வேணாம். ஒரே மலை, ஒரே பஸ், பக்கத்து சீட்டுல இருக்கிற ரெண்டு பேருல ஒருத்தருக்கு "பிரிஞ்சிட்டோம்" போதும், மற்றவருக்கு "அவன்தான் காரணம்"னு நிரூபிக்கணும். "குற்றமற்ற விவாகரத்து"ங்கற விசித்திரமான சொல்லு நம்ம கல்யாண விளம்பரங்கள்ல வர்றதும் இதனாலதான். டிவோர்ஸுக்கு எதிர் கல்யாணம்னு நெனைச்சா, இல்ல, அங்க குற்றமற்ற டிவோர்ஸுக்கு எதிர் குத்தமுள்ள டிவோர்ஸ்.

லோயருக்கு காசு கட்டி, தவணை தவணையா டவுனுக்கு எறங்கி அலைய யாரால முடியும். அதனால நம்ம சனத்துல முக்காவாசி பிரிவு கோர்ட்டுக்கே போறதில்ல. விட்டுட்டுப் போனான், வந்துட்டா, அத்துக்கிட்டாங்க, தலைவர்மாரு பேசி தீத்து விட்டாங்க, அவ்வளவுதான். ஊரப் பொறுத்த வரைக்கும் முடிஞ்ச கதை. பதிவு பண்ணின கல்யாணமா இருந்தா சட்டத்துக்கு அது முடியல, ரெண்டு பேரும் இன்னும் விவாகமானவங்கதான், அப்படியே இன்னொருத்தர கட்டினா அது செல்லாது, குத்தமும் கூட. இந்த நெலையில இருக்கிற ஒரு அக்கா போர்ம்ல எத டிக் பண்ணுவா? விவாகமானவர்னு போட்டா புருசன் விவரம் எழுதச் சொல்லும், ஆள் எங்கன்னே தெரியாது. ஆகாதவர்னு போட்டா பொய். விவாகரத்துன்னா சான்றிதழ் இலக்கம் கேக்கும். கூட்டத்துல பின்னுக்கு நிக்கிறவன் வேற "சீக்கிரம் அக்கா"ம்பான்.

அவளுக்கு ஊரு வச்சிருக்கிற பேரு வாழாவெட்டி. அவன் விட்டுட்டுப் போனாலும் வாழாதவ அவதான். விட்டுட்டுப் போனவனுக்கு தனியா ஒரு பேரு கெடையாது பாருங்க, "அவன் இப்ப கொழும்புல"ன்னு எடத்த சொல்லி முடிச்சிக்குவாங்க.

போர்ம்னு சொன்னதும் இன்னொண்ணு. நம்ம ஆளுங்க கைக்கு வர்ற போர்ம் பாதிக்கு மேல சிங்களத்துல. அதுல விவாஹக, அவிவாஹகன்னு ரெண்டு கட்டம் பக்கத்துல பக்கத்துல இருக்கும், ஒரே ஒரு அகரந்தான் வித்தியாசம், வடமொழி பழக்கம் அது, முன்னுக்கு ஒரு "அ" போட்டா இல்லைன்னு ஆயிரும். தமிழ்ல "ஆன", "ஆகாத"ன்னு கடைசிப் பக்கம் பாக்கிற நம்ம கண்ணு அந்த முதல் எழுத்த தாண்டிப் போயிரும். பிரதேச செயலகம், அந்த டிஎஸ் ஒபிஸ் விறாந்தையில அடுத்தவனுக்கு போர்ம் நிரப்பிக் குடுக்கிற பையன் அவசரத்துல முதல் கட்டத்த தட்டி விட்டான்னா ஒரு பாட்டி குமரியாயிருவா, ஒரு குமரி குடும்பஸ்தியாயிருவா. விதவைக்கு அங்க "வெந்தம்பு"ன்னு இருக்கும், அத ஆம்பளைக்கும் போடுவாங்க, பின்னுக்கு ஆணுன்னு ஒரு சொல்ல சேத்து.

இப்ப ஆரம்பத்துல சொன்ன நாட்டு விசயம். 1948 ல பிரஜாவுரிமைச் சட்டம் வந்து நம்ம சனம் நாடில்லாம ஆனது எல்லாருக்கும் தெரியும். அடுத்த வருசம் இந்திய பாகிஸ்தானிய வதிவோர் பிரஜாவுரிமைச் சட்டம், 1949 ஆம் ஆண்டு 3 ஆம் இலக்கம், விண்ணப்பிச்சி எடுத்துக்கங்கன்னு. அதுல ஒரு நிபந்தனை, 1946 ஜனவரி 1 க்கு முன்னுக்கு விடாம தொடர்ந்து இந்த நாட்டுல இருந்திருக்கணும். எத்தனை வருசம்? விவாகமானவங்களுக்கு 7 வருசம், மத்தவங்களுக்கு 10. மத்தவங்கன்னா யாரு? கல்யாணம் ஆகாதவங்க, துணைய இழந்தவங்க, விவாகரத்து ஆனவங்க, எல்லாரும் ஒரே கூடையில.

கொஞ்சம் நிதானிச்சி யோசிங்க. புருசன் உசுரோட இருக்கிற பொம்பளை 7 வருசம் காட்டினா போதும், அவளோட ஒரே நெரையில கொழுந்து கிள்ளின தாலியறுத்தவ 10 வருசம் காட்டணும். அந்தச் சட்டத்தோட தமிழ்ல, விதவைக்கு எதிர்ச்சொல் சுமங்கலியும் இல்ல கன்னியும் இல்ல, "விவாகமானவர்". விதவைக்கு ஒத்தசொல் கன்னி. குடும்பம் இருந்தா மண்ணுல வேர் விட்டவன், இல்லாதவன் எப்ப வேணா கப்பல் ஏறுவான்ங்கறது போல ஒரு நெனப்பு அதுக்குப் பின்னுக்கு இருந்திருக்கும்னு நான் நெனைக்கிறேன், ஆனா புருசன இந்த மண்ணுலயே பொதைச்ச பொம்பளைக்கு வேர் எப்படி கொறையும்? அதுக்கப்புறம் 1964 அக்டோபர்ல ரெண்டு நாட்டு பிரதமர்மாரும் போட்ட சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம், 5,25,000 பேரு இந்தியாவுக்கு 3,00,000 பேரு இங்கன்னு தலைய எண்ணினப்போ ஒரே வீட்டுல பாதி அங்க பாதி இங்கன்னு போன கதைய நம்ம பெரியவங்க கிட்ட கேட்டுக்கங்க.

விதவை தபுதாரன் ஜோடியத்தான் நான் ரொம்ப யோசிச்சிருக்கேன். தமிழ்நாட்டு ஆளுங்க கிட்ட தபுதாரன்னு சொன்னா அது என்ன மருந்தான்னு கேப்பாங்க, நம்ம நாட்டுல அது சர்வசாதாரணமா பென்ஷன் போர்ம்ல கெடக்கு, விதவைகள் தபுதாரர் அநாதைகள் ஓய்வூதியம்னு. தபுன்னா சாவுறது, தாரம்னா மனைவி, தாரம் செத்தவன். இந்தச் சொல்லு ஏதோ மொழிபெயர்ப்பு ஒபிஸ்ல உக்காந்து செஞ்சது இல்ல. தமிழ்ல கெடைக்கிற பழைய இலக்கணமான தொல்காப்பியத்துலயே "காதலி இழந்த தபுதார நிலையும், காதலன் இழந்த தாபத நிலையும்"னு பக்கத்துல பக்கத்துல வருது.

பாக்க ஜோடி மாதிரி இருக்கு. ஆனா உள்ளுக்கு பாருங்க, ஆம்பளைக்கு வச்ச பேரு அவன் எழந்தத சொல்லுது, தாரம் போச்சு, அவ்வளவுதான். பொம்பளைக்கு வச்ச பேரு அவ இனிமே இருக்க வேண்டிய தவத்த சொல்லுது, தாபதம்னா தவ வாழ்க்கை. ஒண்ணு நடந்தது, ஒண்ணு நடக்க வேண்டியது. புறநானூற்றுல 245 ஆவது பாட்டு மனைவிய நெருப்புல வச்சிட்டு நான் இன்னும் உசுரோட இருக்கேனேன்னு ஒரு சேர மன்னன் புலம்புறது, அடுத்த பாட்டு 246 பூதப்பாண்டியன் மனைவி பெருங்கோப்பெண்டு சொல்றது, வேளைக் கீரைய வேக வச்சி தின்னுக்கிட்டு, பாய் இல்லாம பரல் கல்லுல படுத்துக் கெடக்கிற பொம்பளை நான் இல்ல, எனக்கு நெருப்பே குளிர்ச்சின்னு. சேரன் அழுதான், அவனுக்கு சாப்பாட்டுல யாரும் கை வைக்கல.

அரசாங்க பென்ஷனும் இந்தக் கோணல்லதான் ஓடியிருக்கு. விதவைகள் அநாதைகள் ஓய்வூதியத்துக்கு சட்டம் வந்தது 1898 ல. உத்தியோகம் பாத்த பொம்பளை செத்தா அவ புருசனுக்கும் புள்ளைங்களுக்கும் குடுக்கிறதுக்கு சட்டம் வந்தது 1983 ல, 24 ஆம் இலக்கம். நடுவுல 85 வருசம், தபுதாரன்ங்கற சொல்லு போர்ம்ல தேவைப்படவே இல்ல, சம்பாதிக்கிறது புருசன், எழக்கிறது பொண்டாட்டின்னு முடிவு பண்ணி வச்சிருந்தாங்க. பராமரிப்புச் சட்டத்துலயும் அதேதான், 1889 ல மனைவிக்கு புருசன் குடுக்கணும்னு இருந்தது 1999 ல, 37 ஆம் இலக்கத்துல, வாழ்க்கைத்துணைன்னு ஆச்சு, யாருக்கு வசதி இருக்கோ அவங்க தன்னால வாழ முடியாத துணைக்கு குடுக்கணும். வாழ்க்கைத்துணைங்கற சொல்லுக்கு எதிர்ப்பால் கெடையாது, ஸ்கொலர்ஷிப் பேப்பர்ல வராது, எனக்கு அதுதான் அதுல பிடிச்ச விசயம். ஈபிஎஃப்ல இன்னும் பழைய வாசம் இருக்கு, கல்யாணத்த காரணமா வச்சி வேலைய விட்டா பொம்பளை காச எடுக்கலாம், ஆம்பளைக்கு அந்த வழி இல்ல, கல்யாணம் ஆனதும் வேலைய விடுறது அவதான்னு அந்தச் சட்டம் வந்த 1958 ல நெனைச்சிட்டாங்க.

விதவைங்கற சொல்லப் பத்தி ஒரு சின்ன விசயம் சொல்லாம போக மனசு வரல. தவன்னா புருசன், வி தவன்னா புருசன் இல்லாதவன்னு பிரிச்சிக் காட்டுவாங்க. மொழி ஆராயிறவங்க சொல்றது வேற, பிரிவுங்கற பொருள் உள்ள பழைய வேர்ல இருந்து விதவாங்கற சொல்லு முழுசா வந்தது, இங்கிலீஷ் விடோவும் அதே வம்சம், அப்புறமா அத தப்பா வெட்டிப் பாத்து தவன்னு ஒரு புருசன உண்டாக்கினாங்க, அதுக்கு எதிரா சதவாங்கற சொல்லையும் செஞ்சாங்க, புருசன் உள்ளவன்னு. அதாவது இங்க விதவைதான் மூத்தவ, புருசன் அவளுக்கு அப்புறம் பொறந்தவன். விதவையில பொட்டு இல்ல கைம்பெண்ணுல ரெண்டு பொட்டு இருக்குன்னு எழுத்த வச்சி ஒரு சாமர்த்தியம் மேடையில சொல்லுவாங்க, கேக்க நல்லாத்தான் இருக்கு, ஆனா கருமாதி ராத்திரி பொறந்த வீட்டு கோடிச் சேலைய போட்டு தாலிய வாங்குறப்போ எந்த எழுத்துல எத்தனை பொட்டுன்னு யாரும் எண்ணுறதில்ல.

அதே நேரம் நம்ம சனத்துகிட்ட ஒரு நல்ல சொல்லும் இருந்திச்சி, "அறுத்துக் கட்டுறது". தாலி அறுந்தா திரும்ப கட்டிக்கலாம்ங்கறது இங்க வந்த பல சாதியில பழக்கம், இந்தியாவுல 1856 ல சட்டம் போட்டு விதவை மறுமணத்த அனுமதிச்சது மேல்சாதிக்குத்தான் புதுசு, தேயிலைக்கும் கோப்பிக்கும் கப்பல் ஏறின சனத்துக்கு இல்ல. அறுத்துக் கட்டினவளுக்கு விதவைங்கற பேரு ஒட்டல, ரெண்டாந்தாரம்னு வேற பேரு வந்திச்சி, சரி, அது வேற வம்பு. பொறவு நாலு எழுத்து படிச்சி மேல வர வர அறுத்துக் கட்டுறத கேவலமா பாக்கிற பழக்கத்தையும் சேத்து கத்துக்கிட்டோம், கொஞ்சம் வெக்கமாத்தான் இருக்கு.

முஸ்லிம் ஆளுங்களுக்கு 1951 ஆம் ஆண்டு 13 ஆம் இலக்கச் சட்டம், காதி நீதிமன்றம், இத்தான்னு தனி வரிசை, இத்தான்னா புருசன் செத்தாலோ விவாகரத்து ஆனாலோ பொம்பளை மறுமணம் பண்ணாம காத்திருக்கிற காலம், அதுல இத்தாவுல இருக்கிறவங்கறது கல்யாணம் ஆனதுக்கும் முடிஞ்சதுக்கும் நடுவுல நாள் கணக்கோட இருக்கிற ஒரு நெலை, அத தனியாத்தான் எழுதணும்.

இப்ப ஹட்டன் டவுன்ல டியூஷனுக்கு போற பையன் கிட்ட கேட்டா "சிங்கிள்"ம்பான். சிங்கிளுக்கு எதிர் மெரிட் இல்ல, "கமிட்டட்". அந்த ஜோடியில கல்யாணமே கெடையாது, தாலியும் இல்ல கையெழுத்தும் இல்ல. வேணாம்னு இருக்கிறவன் "மொரட்டு சிங்கிள்", பாவம் பாக்கவும் முடியாது சந்தேகப்படவும் முடியாது, மேல சொன்ன "ஆகல", "பண்ணிக்கல" ரெண்டையும் அவன் ஒரே வீச்சுல தாண்டிட்டான். புருசன் விட்டுட்டுப் போய் தனியா புள்ளை வளக்கிற அக்காவும் இப்ப "சிங்கிள் மதர்"னு சொல்லப் பழகிட்டாங்க, வாழாவெட்டின்னு சொல்ல வந்த வாய் அந்த இங்கிலீஷ கேட்டு கொஞ்சம் தயங்குது. ஆனா அதே அக்கா நாளைக்கு அரசாங்க உதவிக் காசு அஸ்வெசும விசயமா பேப்பர் கட்ட தூக்கிக்கிட்டு ஜீஎஸ் கிட்ட போனா, அங்க சிங்கிள் மதர்னு சொன்னா மட்டும் கதை முடியாது. பதிவு பண்ணின கல்யாணமா இருந்தா சட்டத்துல அவ இன்னும் விவாகமானவர்தான்.